சாத்தூர்ச் சேவு முதலில் எங்கே போகலாம்: துபாயா, சிங்கப்பூரா, லண்டனா?

அக்கா வீட்டுக்காரர் சாத்தூரில் காராச்சேவு போடுகிறார். பூண்டு தூக்கலாக, மிளகாய் சுள்ளென்று, அந்த ஊர்ப் பக்குவத்தில். கூடவே இட்லிப்பொடியும் கடலை மிட்டாயும் உண்டு. நான் தூத்துக்குடியில் ஏற்றுமதி டாக்குமென்ட் வேலை பார்ப்பவன். பதினாறு வருஷமாக அடுத்தவர் சரக்குக்கு ஷிப்பிங் பில் போட்டே பொழுது போகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தான் கேட்டார்: "மாப்ள, நம்ம சரக்கையும் கப்பல் ஏத்திப் பாப்பமா? எந்த ஊருக்குன்னு நீயே சொல்லு."

"எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீங்க அத்தான். எந்தச் சரக்கு, எந்த ஊருக்குன்னு கேளுங்க" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பேசிய பிறகுதான் பிடிபட்டது. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் சின்ன பலகாரக் கம்பெனிகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன.

முன்வேலை எந்த நாட்டுக்கும் ஒன்றுதான். 500 ரூபாய் கட்டினால் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்வதற்கான எண், கிடைக்கும். உணவு உரிமம் மாநில அளவில் இருந்தால் மத்திய உரிமமாக மாற்ற வேண்டும். உணவுப் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபீடாவில் பதிவு, மசாலா வகைக்கு ஸ்பைசஸ் போர்டில் பதிவு, ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம், ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடைத் துறைமுகச் சுங்கத்தில் பதிவது. இட்லிப்பொடி எந்த எச்.எஸ். கோடில், அதாவது சுங்கத்தின் எந்தச் சரக்கு வகை எண்ணில், விழும் என்பது மட்டும் தனிப் பஞ்சாயத்து. அதைக் கிளியரிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்.

அமெரிக்காவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 25 விழுக்காடு கூடுதல் வரி வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அது 50 ஆனது. கப்பல் கடலில் இருக்கும்போதே விலை மாறக்கூடிய சந்தையில் முதல் சரக்கை வைத்து விளையாட வேண்டாம். பெரிய கைகள் தாங்கும், நாம் தாங்க மாட்டோம்.

நாட்டுக்குள் போவதற்கு முன் ஒரு கணக்கு. அத்தானின் பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். அதில் 200 கிராம் சேவுப் பாக்கெட் முப்பது அடங்கும். சரக்கு 6 கிலோ. விமானத்தில் அனுப்பினால் எடை, அடைக்கும் இடம் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. நீள அகல உயரத்தைப் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 16 வருகிறது. ஆக 6 கிலோ சேவுக்கு 16 கிலோ கூலி. பாக்கெட்டுக்குள் அடைத்த நைட்ரஜனுக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறோம். அதே பெட்டியில் இட்லிப்பொடி அடுக்கினால் இருபது கிலோவுக்கு மேல் பிடிக்கும். கப்பலிலும் இதே கதைதான். பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையில் ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். பத்துப் பெட்டி சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். சேவு என்றால் அதில் 60 கிலோ போகும், பொடி என்றால் 200 கிலோவைத் தாண்டும்.

இதை நோட்டில் போட்டுக் காட்டியதும் அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது ஆயுள். உள்ளூர் பாக்கெட்டில் சேவு ஒன்றரை மாதம் தாங்கும், அதற்குப் பிறகு எண்ணெய்ச் சிக்கு வாடை வந்துவிடும். அலுமினியப் பூச்சுப் பையில் நைட்ரஜன் அடைத்து அவர் நான்கு மாதம் வரை கொண்டுவந்திருக்கிறார். அந்த 120 நாளில் எத்தனை நாளைக் கடல் தின்கிறது என்பதை வைத்துத்தான் சேவு எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்ல முடியும்.

சரி, துபாய். யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் பேர் இதுதான். சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமீரகத்தில் இந்தியர்களே 35 லட்சத்துக்கு மேல். கராமாவிலும் தேராவிலும் நம்மூர்ச் சரக்கு விற்கும் கடைக்குப் பஞ்சமில்லை. பதற்றமில்லாத காலத்தில் துபாய்த் துறைமுகமான ஜெபல் அலிக்கு இங்கிருந்து கப்பல் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இறங்கிய சரக்கு அங்கிருந்தே ஓமன், பஹ்ரைன் என்று மறு ஏற்றுமதியாகவும் போகும். 2022 மே 1 முதல் இந்தியா-அமீரக ஒப்பந்தம் அமலில் இருப்பதால், சரக்கு இந்தியாவில் ஆனது என்று காட்டும் ஒரிஜின் சர்டிபிகேட் சரியாக இருந்தால் அங்கத்திய 5 விழுக்காடு சுங்க வரி பெரும்பாலான சரக்குக்கு இல்லை, அல்லது குறையும். 5 விழுக்காடு வாட் மட்டும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, முதல் சரக்கைத் துபாய்க்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

முதல் காரணம் லேபிள். அரபியில் விவரம் இருந்தே ஆக வேண்டும். அரபி ஸ்டிக்கர் ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் தயாரித்த தேதியும் முடியும் தேதியும் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும், ஸ்டிக்கரில் வரக்கூடாது. நம்மூர்ப் பழக்கம் என்ன? "பேக் செய்த நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் உபயோகிக்கவும்." அங்கே அது தேதியே இல்லை. சில வருஷம் முன்பு ஒரு பார்ட்டியின் மிக்சருக்கு டாக்குமென்ட் போட்டவன் நான்தான். 180 பெட்டி. முடியும் தேதியை அரபி ஸ்டிக்கரில் மட்டும் போட்டிருந்தார்கள். நானும் பேக்கிங் லிஸ்டைப் பார்த்தேனே தவிர பாக்கெட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. சரக்கு அங்கே நின்றது. நாளுக்கு நாள் கிடங்கு வாடகை ஏறியது. திருப்பிக் கொண்டுவரும் செலவு சரக்கு விலையைத் தாண்டும் என்றதும், அழித்துவிடச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எந்தப் பார்ட்டி வந்தாலும் ஒரு பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இன்வாய்ஸ் அடிப்பதில்லை.

இரண்டாவது பணம். துபாய் மொத்த வியாபாரி 90 நாள் கடன் கேட்பார், சில பேர் 120. கையில் பின்தேதியிட்ட செக் தருவார். முன்பெல்லாம் அந்த ஊரில் செக் திரும்பினால் ஜெயில் என்ற பயம் இருந்தது. 2022 ஜனவரியில் சட்டம் மாறியதிலிருந்து, கணக்கில் பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் கிரிமினல் வழக்கு ஆவதில்லை. வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. காப்பீடு எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் மாதா மாதம் கடலை மாவுக்கும் எண்ணெய்க்கும் ரொக்கம் கொடுக்கிற ஒருத்தருக்கு மூன்று மாதப் பணம் வெளியே நின்றால், காப்பீடு வந்து சேருவதற்குள் அடுப்பு அணைந்துவிடும்.

மூன்றாவது விலை. அங்கே நாம் போட்டி போடுவது பக்கத்து ஊர்க்காரரோடு அல்ல, குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மெஷினில் டன் கணக்கில் நம்கீன் போடுபவர்களோடு. ஒரு பாக்கெட்டுக்குச் சில ஃபில்ஸ் (அந்த ஊர்ப் பைசா) குறைத்தால் வியாபாரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார். கன்டெய்னர் கன்டெய்னராகப் போட்டால்தான் துபாயில் காசு நிற்கும். ஜெபல் அலி ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் பக்கம் பதற்றம் என்று செய்தி வந்தால் போதும், கப்பல் கம்பெனி வார் ரிஸ்க் என்று போர் அபாயத்துக்கு ஒரு கூடுதல் கட்டணத்தை பில்லில் சேர்த்துவிடும்.

சிங்கப்பூர் வேறு மாதிரியான ஊர். மொத்த மக்கள்தொகையே 60 லட்சம் சொச்சம். உள்ளூர்வாசிகளில் இந்திய வம்சாவளியினர் சுமார் 9 விழுக்காடு, அதில் பாதிக்கு மேல் நம்மவர்கள். தமிழ் ஆட்சிமொழி என்பதால் லேபிளில் தமிழ் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, விவரம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உண்ணும் பொருளில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு என்பதால் இறக்குமதி செய்கிறவரை விரோதியாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. உணவுக்குச் சுங்க வரி கிடையாது. 2024 முதல் 9 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதையும் இறக்குமதியாளர்தான் கட்டுகிறார்.

அங்கே வாங்குபவர் சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் பெர்மிட் எடுக்க வேண்டும். முதல் போனிலேயே பதிவு எண் கேளுங்கள். தராதவரிடம் ரெண்டாவது போன் வேண்டாம்.

சோதனை கறாரானது. 2024 ஏப்ரலில் இந்திய மசாலா ஒன்றை எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி சிங்கப்பூர் திரும்பப் பெறச் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குச் சில நாள் முன்புதான் ஹாங்காங்கும் இதே காரணத்துக்காக நம் மசாலாக்களை நிறுத்தியிருந்தது. எத்திலீன் ஆக்சைடு என்பது கிருமி போக வேண்டும் என்று மசாலாவுக்குப் போடும் வாயு. அடுத்த மாதமே அந்த இரண்டு ஊருக்கும் போகும் மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு சோதனையைக் கட்டாயமாக்கியது. போர்டின் சோதனைக்கூடம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது, சாத்தூரிலிருந்து காலையில் கிளம்பினால் சாம்பிள் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அத்தான் பொடிக்கு மிளகாயைத் தானே வெயிலில் காயவைத்து வறுத்து அரைக்கிறார், வாயு பக்கமே போவதில்லை. ஆனால் சந்தையில் வாங்கும் எள்ளும் மல்லியும் எங்கே என்ன பட்டு வந்ததோ? அதற்குத்தான் சோதனை.

இன்னொன்று, டால்டா. பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை 2021 ஜூன் முதல் சிங்கப்பூர் தடை செய்துவிட்டது. மொறுமொறுப்புக்கு ஒரு கரண்டி டால்டாவை மாவில் விடுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் சிங்கப்பூரை நினைக்க வேண்டும். கசகசாவும் அங்கே போகாது. போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். துபாயிலும் அப்படித்தான். குருமாப்பொடி போடுகிறவர்கள் கவனிக்க.

சிங்கப்பூரில் சேவுக்கு வேறு ஒரு போட்டி உண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம். மலேசியாவின் ஈப்போவில் புந்தோங் என்ற பகுதி முறுக்கு, சேவு, கச்சான் பூத்தே என்று பலகாரத்துக்கே பேர் போனது. அங்கிருந்து லாரியில் ஏற்றினால் ஜொகூர் பாலம் தாண்டி அன்றே சிங்கப்பூர்க் கடையில் இறங்கிவிடும். நம் சேவு மூன்று வாரம் கடந்து அதன் பக்கத்து அலமாரியில் உட்கார வேண்டும். பூண்டு வாசனை பிடித்தவர்கள் தேடி வாங்குவார்கள், ஆனால் அந்தக் கூட்டம் சின்னது. பொடிக்கு இந்தத் தொந்தரவு குறைவு. நம் ஊரிலிருந்து போய் வேலை பார்க்கும் பிள்ளைகள் தோசைக்கு மலேசியப் பொடியைத் தேடுவதில்லை.

துபாயைவிட இந்த ஊரை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், சிறிய அளவை மதிக்கிறார்கள் என்பதுதான். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் இருக்கும் மளிகை இறக்குமதியாளர் முப்பது பெட்டி என்றாலும் பேசுவார். பாதி முன்பணம், மீதி பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) நகல் பார்த்ததும் என்று நம் பார்ட்டிகள் பலருக்கு அங்கே ஒழுங்காக நடக்கிறது. தப்பு நடந்தாலும் முப்பது பெட்டியோடு போகும். தீபாவளி மட்டும் கணக்கில் இருக்கட்டும். செராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கடை போடுவதற்கு முன் சரக்கு கிடங்கில் இருக்க வேண்டும் என்றால் ஆகஸ்டிலேயே கப்பல் ஏற்ற வேண்டும். அக்டோபரில் ஆர்டர் பிடிக்கப் போகிறவர் அடுத்த வருஷத்துக்குத்தான் பிடிப்பார்.

லண்டன் என்றால் அக்காவுக்கு ஒரு ஆசை, அவள் சிநேகிதி ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். இங்கிலாந்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் லட்சத்துக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழர். அவர்கள் சமையலறையில் இருப்பது வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள், சிவப்பரிசி மா, புட்டுக்கு வறுத்த மா. தமிழ்க் கடை என்று போர்டைப் பார்த்துவிட்டு நம் பொடியை இறக்கினால், கொழும்பிலிருந்து வந்த பாக்கெட் பக்கத்தில் அது தூசி படியும். தமிழ்ச் சந்தை என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் பிழை.

பயணமும் நீளம். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு பெரும்பாலான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஒன்றரை, இரண்டு வாரம் கூடியது. சேகரிப்பு, கடல், கிளியரன்ஸ் எல்லாம் சேர்த்தால் இரண்டு மாதம். 120 நாள் சேவில் பாதி ஆயுள் கடலிலேயே முடிந்திருக்கும். எந்தக் கடைக்காரர் அதை வாங்குவார்?

கடலை மிட்டாய்க்கு இன்னும் கஷ்டம். நேரடியாகத் தின்னும் நிலக்கடலைப் பண்டத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு மொத்தம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 2 மட்டும்தான் அனுமதி. ஈரப்பதத்தில் ஒரு மூட்டை கடலை பூஞ்சை பிடித்திருந்தாலும் அந்த பேட்ச் முழுவதும் போச்சு. பக்கத்துக் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, ஆனால் சோதனைக்கூடத்தில் அந்தப் பேர் செல்லாது. போதாததற்கு மிட்டாய் வகைக்கு அங்கே 20 விழுக்காடு வாட். சமையல் பொடிக்கு ஒன்றுமில்லை.

ரசாயன வரம்பிலும் ஊருக்கு ஊர் நீதி வேறு. எத்திலீன் ஆக்சைடு மசாலாவில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை சிங்கப்பூர் பொறுக்கும். ஐரோப்பிய வரம்பு 0.1. லண்டன் வழக்கமும் அதே வழியில் வந்ததுதான். சிங்கப்பூரில் தேறிய ரிப்போர்ட்டை அப்படியே லண்டன் பார்ட்டிக்கு மெயில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

லண்டன் லேபிளில் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது இருந்தாலும் தடித்த எழுத்து மாதிரி எடுப்பாகக் காட்ட வேண்டும். எள், கடுகு, நிலக்கடலை, கோதுமை எல்லாம் அதில் உண்டு. "நம்ம பொடியில எள்ளு மட்டும்தான" என்றார் அத்தான். பெருங்காயம்? கட்டிப் பெருங்காயமா, தூளா? தூள் என்றால் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்துதான் வரும். ஒரு சிட்டிகைதான் போடுகிறோம், ஆனால் கோதுமை ஆகாதவருக்கு அந்தச் சிட்டிகையைச் சொல்லியாக வேண்டும். மிக்சரில் ஆரஞ்சு பூந்தி போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை வாசகம் உண்டு: சில செயற்கை நிறங்கள் இருந்தால், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். அதைப் படித்துவிட்டு எந்தத் தாய் வாங்குவாள்?

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைச் சொல்லி, இனி லண்டன்தான் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. வரி குறைந்தால் நல்லதுதான். ஆனால் சின்ன பலகாரக்காரருக்கு லண்டனில் குறுக்கே நிற்பது வரி இல்லை, சோதனைக்கூடமும் கப்பல் நாளும்.

நடுவில் அத்தானின் கூட்டாளி ஒருவர் வந்து உட்கார்ந்தார், பன்னீர் சோடா போடுகிறவர். 2025 மார்ச்சில் அபீடா ஆதரவில் கோலி சோடா புதுப் பேரில் வெளிநாட்டுக்குப் போனதாக வந்த செய்தியைப் படித்திருக்கிறார். "அவங்க அனுப்புறாங்க, நாம அனுப்பக் கூடாதா?" தாராளமாக அனுப்பலாம், சர்க்கரையைக் குறைத்துவிட்டு. நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிங்கப்பூரில் பாட்டிலில் 'டி' என்ற கடைசித் தர முத்திரை குத்த வேண்டும், விளம்பரமும் செய்ய முடியாது. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து இதுதான் நடைமுறை. அமீரகம் 2026 முதல் சர்க்கரை அளவுக்கு ஏற்ப வரியை அடுக்கிவிட்டது. பிரிட்டன் 2018-லேயே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த இரண்டு நாட்டிலும் நூறு மில்லிக்கு 5 கிராமும் 8 கிராமும்தான் வரி மாறும் கோடு. கண்ணாடி பாட்டிலின் கனம் வேறு. உள்ளூரில் பாட்டில் திரும்பி வரும், துபாயிலிருந்து வராது. அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் இரவு முடிவுக்கு வந்தோம். இட்லிப்பொடி சிங்கப்பூருக்கு, இரண்டு கன மீட்டர், எல்.சி.எல்., தீபாவளிக்கு முன். முதலில் இங்கே சோதனை, ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பேக்கிங். சேவு துபாய்க்குத்தான் போக வேண்டிய சரக்கு, ஆனால் இப்போது இல்லை. பாக்கெட்டில் தேதி அச்சடிக்கும் மெஷின் வாங்கி, பாதி முன்பணம் தருகிற ஒரு ஆள் கிடைத்து, சாத்தூரில் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு இருபதடி கன்டெய்னரை நிரப்பும் நாள் வரட்டும். கடலை மிட்டாய் உள்ளூரிலேயே நன்றாக விற்கிறது, அதை ஏன் கப்பலேற்றிக் கஷ்டப்படுத்த வேண்டும்? லண்டனுக்கு அக்காவின் சிநேகிதி வரும்போது பெட்டியில் நாலு பாக்கெட் கொடுத்துவிடலாம்.

அத்தானுக்கு மனசு ஆறவில்லை. "நம்ம பேரே காராச்சேவுலதான் மாப்ள இருக்கு. பொடியை மட்டும் அனுப்பினா யாருக்குத் தெரியும்?" அதுவும் நியாயம்தான். பதினைந்து பெட்டி பொடியோடு ஐந்து பெட்டி சேவு போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். இடத்துக்குக் கூலி அதிகம், அதை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

படுக்கப் போகும் நேரத்தில் பார்த்தால் மனிதர் அடுக்களையில் நிற்கிறார், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, பெருங்காய டப்பாவைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபடி.

"கோதுமை மாவுன்னு போட்டிருக்கான் மாப்ள. இருவது வருஷமா இதைத்தான் போடுறேன். சிங்கப்பூர்லயும் இதைச் சொல்லணுமா?"

"சொல்லணும் அத்தான்."

மணி பதினொன்று ஆகப் போகிறது. லேபிள் டிசைன் போடும் தம்பிக்கு அப்போதே போன் அடித்தார்.